ஒன்பதாம் பாட்டிலின் ஓரிங்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் என் அண்ணனின் மோட்டார் ரிப்பேர் கடை இருக்கிறது. அவர் உட்காரும் மேசைக்கு மேலே ஓர் ஆணியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் வளையம் தொங்குகிறது. ஓரிங் என்பார்கள். போர்வெல் மோட்டாரின் மூடிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கசியாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. கடைக்குள் அதுபோல நூற்றுக்கணக்கில் டப்பாக்களில் கிடக்கின்றன. ஆணியில் தொங்குவது மட்டும் விற்பனைக்கு இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெண்மணியின் ஞாபகம் வரும். ஞாபகம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வயிற்றெரிச்சல் என்பதுதான் சரி.

அவரை நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் அழைத்தோம். நான் முன்பு வேலை பார்த்த கடல் ஆய்வுக்கூடத்தில் அவர் திட்டத் தலைவர். அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். தாம்பரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரம் என்றால் போதும். பழைய மேலதிகாரிகளைப் பற்றி எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை சொல்வது வழக்கம். பெரும்பாலும் அவர்கள் காலமான பிறகுதான் எழுதுகிறார்கள் என்பதால் அந்த வழக்கம் வந்திருக்கலாம். மேடம் நலமாக இருக்கிறார். காலையில் நடைப்பயிற்சி போகிறார் என்றும் கேள்விப்பட்டேன். ஆகவே எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆய்வுக் கப்பலில் பெண்களுக்குப் படுக்கை ஒதுக்க முடியாது என்று சொன்ன அதிகாரியிடம் மேசையைத் தட்டிச் சண்டை போட்டு இடம் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் படுக்கையில் படுத்துத்தான் நான் கடலைப் பார்த்தேன். அதோடு அவருடைய நல்ல பக்கம் முடிகிறது.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கடலின் மேல்பரப்பில், வெளிச்சம் இறங்குகிற வரைக்கும், கண்ணுக்குத் தெரியாத பச்சை உயிர்கள் மிதக்கின்றன. காற்றிலிருந்து கடலில் கரைந்த கரியமில வாயுவை எடுத்து உடம்பாக்கிக்கொள்கின்றன. செத்தால் கீழே இறங்கும். இறங்குகிற வழியில் பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று, அந்தக் கரியை மறுபடியும் வாயுவாக மூச்சு விடும். இதில் யார் தின்றார்கள் என்பதைவிட எங்கே வைத்துத் தின்றார்கள் என்பதுதான் பெரிய விஷயம். மேலேயே தின்றுவிட்டால் வாயு சீக்கிரமே காற்றுக்குத் திரும்பிவிடும். ஆழத்தில் இருட்டுக்குள் வைத்துத் தின்றால் அது வெகுகாலம் மேலே வராது. அந்த இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தண்ணீரின் போக்குதான்; நுண்ணுயிருக்கு அதில் பெரிய பங்கில்லை. வங்கக் கடலில் பெரிய ஆறுகளின் நன்னீர் வந்து மேலே ஒரு மூடி மாதிரி படுத்துக்கொள்ளும். கீழே இருக்கும் சத்து மேலே வராது, மேலே இருப்பதும் எளிதில் கீழே போகாது. ஆனால் பல மைல் அகலத்துக்குச் சுழன்றுகொண்டு போகிற நீர்ச்சுழிகள் உண்டு. அவற்றின் ஓரத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் திட்டம்.

நான் திட்ட உதவியாளர். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த வேலை. தண்ணீர் எடுக்கும் பாட்டில்கள் என் பொறுப்பு. இரும்புச் சட்டத்தில் வட்டமாகப் பன்னிரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள் மாட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தூண் உயரம், மேலும் கீழும் வாய் திறந்தபடி கடலுக்குள் இறங்கும். வேண்டிய ஆழத்தில் மேலிருந்து ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு மூடியும் படக்கென்று மூடிக்கொள்ளும். மூடியில் இருக்கும் ஓரிங் சரியில்லை என்றால் மேலே வருகிற வழியில் வேறு ஆழத்துத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அப்புறம் அந்தத் தண்ணீரை வைத்துக் காபி போடலாமே தவிர ஆராய்ச்சி செய்ய முடியாது.

கப்பல் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது ஓரிங்குகள் எல்லாம் காய்ந்து வெடித்துப்போயிருந்ததை நான்தான் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய மாற்று உருப்படி வரவில்லை. மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பருத்திப் புடவை, மேசையில் வெந்நீர் பிளாஸ்க், கையில் சிவப்புப் பேனா. அவரை எப்போது நினைத்தாலும் இந்த மூன்றும் கூடவே வரும். “உங்க அண்ணா பம்ப் கடைதானே வச்சிருக்கார்? அவர்கிட்ட இதே சைஸ் கிடைக்குமா பாரேன். ஷிப் டேட்டை விட்டா அடுத்த வருஷம்தான்மா” என்றார். கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பழைய ஓரிங்கை வாங்கி விரலால் வளைத்துப் பார்த்தார். “எவ்ளோ ஆழம் போவும்?” என்று கேட்டார். அதிகபட்சம் ஐந்நூறு மீட்டர் என்றேன். “இன்னாது, மீட்டரா? நான் அடின்னு நெனச்சிகினு கீறேன்” என்றார். பிறகு கடையின் பின்பக்கம் போய் மூன்று டப்பாக்களைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றாக இழுத்து, மடக்கி, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் கீறிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையோடு இருபத்தைந்து ஓரிங் பொறுக்கிக் கொடுத்தார். பாட்டிலுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று. கடைசி ஒன்று, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ள.

கப்பலில் பாட்டில்கள் மேலே வந்ததும் முதலில் செய்ய வேண்டியது ஒரு சின்னச் சோதனை. பாட்டிலின் அடியில் ஒரு குழாய் இருக்கும், உச்சியில் காற்று போகிற திருகு ஒன்று இருக்கும். திருகைத் தொடாமல் குழாயை மட்டும் திறக்க வேண்டும். மூடிகள் சரியாக உட்கார்ந்திருந்தால் தண்ணீர் வராது. காற்று உள்ளே போக வழியில்லை. கொட்டினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அவசரக்காரர்கள் பழக்க தோஷத்தில் திருகை முதலில் திறந்துவிடுவார்கள். பிறகு பாட்டில் நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாது. நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. அந்த மதியம் சுழியின் ஓரத்தில் எடுத்த பன்னிரண்டு பாட்டில்களையும் வரிசையாகச் சோதித்தேன். ஒன்பதாம் எண், இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து வந்தது. குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு வந்து நின்றது. பதிவுத் தாளில் ‘கசிவு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளுக்கு அடியில் கார்பன் வைத்திருந்ததால் ரோஸ் நிறப் படி ஒன்று என் புத்தகத்திலேயே தங்கியது.

பிறகு தண்ணீரை வடிகட்டினேன். வடிதாள் பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். மேல்பரப்புத் தண்ணீரை ஊற்றினால் பச்சை பிடிக்கும், ஆழத்துத் தண்ணீருக்கு வெள்ளையாகவே இருக்கும். நூற்றைம்பது மீட்டர் தாள் வெள்ளை. இருநூற்றைம்பது வெள்ளை. நடுவில் ஒன்பதாம் பாட்டிலின் தாள் மட்டும், முருங்கைக்கீரை அலசிய தண்ணீரில் நனைத்த மாதிரி, வெளிறிய பச்சை. வெளிச்சமே போகாத ஆழத்தில் உயிரோடு பச்சை. சட்டத்தில் மாட்டியிருந்த கருவி அதே ஆழத்தில் வெளியே அளந்த உப்பின் அளவைப் பார்த்தேன். பாட்டிலுக்குள் இருந்த உப்பும் அதுவேதான். மேலே வருகிற வழியில் ஏதாவது கலந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அப்படியென்றால் மேல்தண்ணீர் அந்த நன்னீர் மூடியைத் தாண்டிச் சுழியின் ஓரமாகச் சறுக்கி, பச்சை உயிர்களையும் அள்ளிக்கொண்டு இருட்டுக்குள் போயிருக்கிறது. நடுவில் இருக்கும் ஆழத்தைத் தொடாமல் எப்படிப் போகும் என்று கேட்கலாம். குரோம்பேட்டை ரயில்வே சுரங்கப்பாதையை மழைக்காலத்தில் பார்த்தவர்களுக்கு இது புரியும். சுரங்கக் கூரையின் அடிப்பக்கம் காய்ந்துதான் இருக்கும். தண்ணீர் பக்கவாட்டுச் சாய்வில் இறங்கி உள்ளே இடுப்பளவு நிற்கும்.

மேடம் கப்பலுக்கு வரவில்லை. அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது; துறைமுகத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். திரும்பி வந்து நான் வரைபடத்தைக் காட்டியபோது அவர் முகம் சுருங்கியது. ஆழம் கூடக் கூடப் பச்சை அழகாகக் குறைந்து நின்றுவிடுகிறது என்று அவர் ஏற்கெனவே அறிக்கை எழுதி முடித்திருந்தார். திட்டத்தை நீட்டிக்கலாமா என்று பார்க்க வல்லுநர் குழு அடுத்த வாரம் வருகிறது. “எனக்குச் சுத்தமான கோடு வேணும்மா” என்று சொல்லிவிட்டு, என் பதிவுத் தாளை இழுத்து, ‘கசிவு இல்லை’ என்பதில் ‘இல்லை’யை மட்டும் சிவப்புப் பேனாவால் அடித்தார். அவ்வளவுதான். ஒரு கோடு. கடலில் நடந்த ஒரு விஷயம் அந்த அறையில் நடக்காமல் போய்விட்டது.

குழு வந்த அன்று ஒரு பெரியவர், அடித்துப்போட்ட ஒன்பதாம் புள்ளியைக் காட்டி இது என்ன என்று கேட்டுவிட்டார். மேடம் தயாராகவே வந்திருந்தார். முந்தின நாள் ஒன்பதாம் பாட்டிலின் மேல்மூடி ஓரிங்கைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னபோது எனக்குக் காரணம் தெரியவில்லை. இப்போது அதைக் கைப்பையிலிருந்து எடுத்து, முந்திரி பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “இட்ஸ் எ லீக், சார். லோக்கல் வாஷர் போட்டுட்டாங்க. இந்தப் பொண்ணோட அண்ணா பம்ப் கடை வச்சிருக்கார், அங்கேருந்து கொண்டுவந்திருக்கா” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் எழுந்து, “உப்பு ஒத்துப்போகுது சார்” என்று ஆரம்பித்தேன். “நீ உட்காரும்மா” என்றார் மேடம், குழந்தையை அதட்டுகிற மாதிரி. பன்னிரண்டு பாட்டிலிலும் ஒரே கடை ஓரிங்தான் இருந்தது. கோட்டில் உட்கார்ந்த பதினொன்றும் நல்லவை, கோட்டை விட்டு விலகியது மட்டும் லோக்கல். இதை ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள்தானே வாங்கிவரச் சொன்னீர்கள் என்று நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மேடம் மேல் எனக்கு இருக்கும் வெறுப்பில் பாதி, அன்று உட்கார்ந்துவிட்ட அந்தப் பெண்ணின் மேலும் இருக்கிறது. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மேசையில் பிஸ்கட் தூளோடு கிடந்த ஓரிங்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தரக் கட்டுப்பாட்டில் கவனக்குறைவு என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு இடங்களில் நேர்காணலுக்குப் போனேன். இரண்டிலும் ‘ஓ, அந்த லீக் பாட்டில்’ என்று முகம் மாறியது. அண்ணனிடம் நான் மறைக்கத்தான் பார்த்தேன். ஆய்வுக்கூடத்து டிரைவர் ஒருவர் அவருடைய வாடிக்கையாளர். அவர் வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “லீக் ஆச்சா?” இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி மோட்டாருக்குள் குனிந்துகொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஓரிங் விற்கும்போது புதிதாக ஒரு வாக்கியம் சேர்ந்துகொண்டது. “லோக்கல் சரக்குதான், தெரிஞ்சி வாங்கிக்க.” யாரும் கேட்காமலே சொல்வார். இருபது வருடமாக வராமல் இருந்த வாக்கியம் அது. அதை முதல் தடவை கேட்டபோது நான் கடையின் பின்பக்கம் போய் நின்று அழுதேன். என் வேலை போனதுக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

இப்போது நான் மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறவர்கள் வாங்கிய அடுக்குமாடிகளிலிருந்து போர்வெல் தண்ணீரும் லாரித் தண்ணீரும் பாட்டிலில் வரும். அதில் இருக்கும் கிருமியையும் உப்பையும் அளந்து சொல்வேன். கடலைப் பற்றிப் படிப்பதை மட்டும் விடவில்லை. கொஞ்ச நாளைக்கு முன்பு, சுழிகளின் ஓரத்தில் மேல்தண்ணீர் சாய்வாக இறங்கிப் பச்சை உயிர்களை ஆழத்துக்குக் கொண்டுபோகிறது என்று நம் கடலிலேயே ஓர் இளைஞர் குழு அளந்து எழுதியிருந்ததைப் படித்தேன். சந்தோஷமா என்றால் இல்லை. எட்டு வருடமாகப் பைத்தியக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், சரி, நீ சொன்னது நிஜம்தான் என்று தெருவில் யாரிடமோ பேசிக்கொண்டு போவதைக் காதில் கேட்ட மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மேடம்! கையில் ஆப்பிள் பை. கொஞ்சம் நரைத்திருந்தார், புடவையில் கஞ்சி அப்படியே இருந்தது. “எப்படிம்மா இருக்கே? இளைச்சிட்டே” என்றார். காபி குடித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். நமக்கு அது அப்போதே கிடைத்தது, அந்தக் குழுவுக்கு முன்னாலேயே நாம் பார்த்துவிட்டோம், அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்றார். எத்தனை ‘நாம்’! தன்னிடம் இருக்கும் பதிவுத் தாளில் அடித்தல் இருப்பதால் என்னுடைய ரோஸ் படி வேண்டுமாம். “கூடவே அந்த பாட்டில் லீக் ஆகலைன்னு ஒரு லெட்டர் குடுத்துடும்மா. உன் பேரையும் போடலாம். கடைசில” என்றார்.

எனக்கு வந்த முதல் ஆசை, லீக் ஆனது மேடம், நீங்கள் சொன்னது சரிதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிடுவதுதான். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் வந்த வழியே போயிருப்பார். ஆனால் அண்ணன் நகத்தால் கீறிப் பார்த்துப் பொறுக்கிய ஓரிங்கை என் வாயாலும் ஓட்டை என்று சொல்ல வேண்டியிருக்கும். இந்த அம்மாளைப் பழிவாங்க அந்த விலை கொடுக்க எனக்கு மனசில்லை. “எழுதித் தரேன் மேடம்” என்று சொல்லி உள்ளே போய் ஒரே மூச்சில் எழுதினேன். ஒன்பதாம் பாட்டில் கசியவில்லை. திருகைத் தொடாமல் குழாயைத் திறந்து சோதித்தேன். அதிலிருந்த ஓரிங், திட்டத் தலைவர் கேட்டுக்கொண்டதன் பேரில் குரோம்பேட்டையில் என் அண்ணன் கடையிலிருந்து வாங்கியது. ‘கசிவு இல்லை’ என்பதில் ‘இல்லை’யை அடித்தது நான் அல்ல, திட்டத் தலைவர்.

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். கைப்பைக்குள் விரல்கள் பேனாவைத் தேடின. “முதல் ரெண்டு வரி போதுமே. இந்த வாஷர் கதையெல்லாம் எதுக்கு?” என்றார்.

“பொய்யா மேடம்?”

“பொய்யின்னு சொல்லலை. இதுக்கு ரெலவென்ஸ் இல்லைங்கறேன்.”

“ஓரிங் இல்லாம பாட்டில் எப்படி மேடம் மூடும்?”

அவர் பேனாவை எடுத்துவிட்டார், சிவப்புதான். கடிதத்தை அவர் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன்; பிடுங்கினேன் என்றும் சொல்லலாம். “முழுசா வேணும்னா எடுத்துக்கங்க. இல்லன்னா விட்டுடுங்க” என்றேன். எட்டு வருடத்துக்கு முன்பு அந்த மேசையில் வர வேண்டிய குரல், தாமதமாக என் வீட்டு ஹாலில் வந்தது. மேடம் எழுந்தார். நன்றி கெட்டவள் என்று முணுமுணுத்தது கேட்டது. ஆப்பிள் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் எதையும் எங்கும் எழுதவில்லை. கடிதத்தையும் ரோஸ் தாளையும் படம் எடுத்து அந்த இளைஞர் குழுவுக்கு நானே அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை. வராமலே போகலாம். அவர்கள் எடுத்த தண்ணீரே அவர்களுக்குப் போதும். மேடத்தை நான் மன்னித்துவிட்டேனா என்று தோழி ஒருத்தி கேட்டாள். மன்னிப்பு கேட்காதவருக்கு அதைக் கொண்டுபோய் எங்கே கொடுப்பது? இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன், எரிச்சலோடு சேர்த்து.

அந்த வாரமே கடைக்குப் போய்க் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கேட்டார். “நம்ம கடைய எழுதிகீறியா?” என்றார். எழுதியிருக்கிறேன் என்றேன். கையை நீட்டினார். எட்டு வருடமாக நான் எடுத்துவைத்திருந்த ஓரிங்கைக் கொடுத்தேன். அன்று செய்த மாதிரியே இழுத்தார், மடக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார், நகத்தால் கீறினார். “நல்லாத்தான் கீது” என்று சொல்லி எழுந்துபோய் அதை ஆணியில் மாட்டினார்.

அப்போது ஒருவர் பழைய ஓரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். “பாய், இந்த சைஸ்ல ஒண்ணு குடுங்க. ஒரிஜினலா, லோக்கலா?” என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வாக்கியம் வரப்போகிறது என்று தெரியும். அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஆணியைக் காட்டினார்.

“அதோ தொங்குதே, அது கடலுக்குள்ள எரநூறு மீட்டர் போய்ட்டு வந்துச்சி. ஒரு சொட்டு வுடல. அதே டப்பா சரக்குதான் இது. வேணுமா, வேணாமா?”

வந்தவர் ஆணியையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டா குடுங்க பாய்” என்றார்.